பதினோராவது சாம்பிள்

இல்லீங்க, அது கரி இல்ல. கையால தட்டாதீங்க, பஸ்சு குலுங்கற குலுக்கல்ல உங்க வேட்டியிலயும் ஒட்டிக்கும். கிராஃபைட்டுன்னு சொல்வாங்க. பென்சிலுக்கு நடுவுல கருப்பா ஒரு குச்சி இருக்குதில்ல, அதேதான். பொடியா இருந்தா தொட்டவனை விடாது. மூணு தடவை சோப்பு போட்டாலும் நகக்கண்ணுல நிக்கும். சட்டைக் கையை மடிச்சு விட்டுக்கிறேன், தெரியாது.

இந்த ஊரு மண்ணுலயே கிடைக்குதுங்க இது. நீங்க சிவகங்கைதானே? பூவந்தியா? சரி, பக்கம்தான். எனக்கு வேலை கிருஷ்ணகிரிப் பக்கம். பேரு மாதேசன். ஒரு பேட்டரி கம்பெனியில பர்ச்சேஸ் மேனேஜர். சத்தமே இல்லாம ஓடுதே கரண்ட் ஸ்கூட்டர், அதுக்குள்ள போற பேட்டரி செல்லு நாங்க செய்யறோம். லித்தியம் லித்தியம்னு ஊரெல்லாம் பேசுது. ஆனா ஒரு செல்லுக்குள்ள லித்தியத்தைவிட இந்தக் கருப்புப் பொடிதாங்க எடை ஜாஸ்தி. இது இல்லன்னா செல்லு இல்ல.

இவ்வளவு கிட்டத்துல மண்ணுல கிடக்குதே, அப்புறம் எங்கிருந்து வாங்கறீங்கன்னு கேப்பீங்க. சீனாவுல இருந்துதான். மண்ணு எல்லா ஊருலயும் இருக்குது. அதைச் சுத்தம் பண்ணி, ஒவ்வொரு துகளையும் உருண்டையாக்கி, செல்லுக்குப் போடற பதத்துக்குக் கொண்டு வர்றது அவங்ககிட்டதான் இருக்குது. ஒரு மெயில் போட்டா நாப்பது நாள்ல சென்னையில கப்பல்ல வந்து இறங்கும். இருபத்தாறு வருஷமா நான் பர்ச்சேஸ்லதான் இருக்கேன். என் கையால எந்த மிஷினும் சரக்கு இல்லாம நின்னதில்ல. யாரையும் ஏமாத்தினதும் இல்ல. அதை மொதல்லயே சொல்லிடறேன்.

போன ஆடியில ஆரம்பிச்சுது. இனிமே இந்தப் பொடி வெளிநாடு போகணும்னா லைசென்ஸ் வேணும்னு அவங்க கவர்மென்ட்டு சொல்லிடுச்சு. யாரு வாங்கறா, எந்த வண்டிக்குப் போகுது, ராணுவத்துக்குப் போகுதா, அதுக்கு என்ன அத்தாட்சி, எல்லாத்துக்கும் ஃபாரம். பதினெட்டுப் பக்கம் நானே உக்காந்து நிரப்பினேன். அனுப்பினா பதில் இல்ல. மறுபடி அனுப்பினா, ஒரு கையெழுத்து விட்டுப் போச்சுன்னு வருது. ஆவணி முடியறதுக்குள்ள செல்லு செய்யற எங்க மூணு லைன்ல ரெண்டு நின்னுடுச்சுங்க. கான்ட்ராக்ட்டுல இருந்த புள்ளைங்களையெல்லாம் பையைக் கட்டிக்கச் சொல்லி பஸ் ஏத்திவிட்டாங்க. கேன்டீன்ல சாப்பாட்டுக்கு வரிசையே இல்லாமப் போச்சு.

எங்க எம்.டி. எல்லாரையும் கூப்பிட்டு நிக்க வெச்சுப் பேசினார். "இனிமே இன்னொருத்தன் வாசல்ல போய் நாம நிக்கக் கூடாது. நம்ம மண்ணுல இருக்கறதை நாம எடுப்போம்"னார். நல்லாப் பேசுவார். எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. கேன்டீன் சுவத்துல 'நம் மண், நம் பேட்டரி'ன்னு பேனர் கட்டினாங்க. மறுநாளே என்னை இந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க, பொடி தேடிக்கிட்டு.

மூணு மில்லுக்குப் போனேன். ஒருத்தர் சிரிச்சே அனுப்பிட்டார். "நாங்க மூசை செய்யறவங்களுக்குக் குடுக்கறோம், அவங்களுக்கு இந்தச் சுத்தம் போதும்"னார் இன்னொருத்தர். மூசைன்னா உங்களுக்குத் தெரியுமில்ல, பித்தளை, தங்கமெல்லாம் போட்டு உருக்குற பாத்திரம். மூணாவதுதான் சகாயராணி மில்லு. நாப்பத்தஞ்சு வயசிருக்கும் அந்தம்மாவுக்கு. அப்பா வெச்சிருந்த மில்லு. வீட்டுக்காரர் பள்ளிக்கூட வாத்தியார், மில்லுப் பக்கமே எட்டிப் பாக்க மாட்டார். இந்தம்மா பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ஏழு பொம்பளைங்க வேலை செய்யறாங்க. எல்லாருக்கும் முழங்கை வரைக்கும் கருப்பு.

நான் என்ன வேணும்னு சொன்னேன். நூத்துக்குத் தொண்ணூத்தொம்போது புள்ளி தொம்போது சுத்தம் வேணும், துகள் உருண்டையா இருக்கணும்னேன். அந்தம்மா சிரிக்கல. ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கிட்டாங்க. "இப்ப எனக்குத் தொண்ணூத்தாறுதான் சார் வருது. மீதி மூணு புள்ளி தொம்போதுக்கு எத்தனை நாள் தருவீங்க?"ன்னாங்க. அந்தக் கேள்வியிலயே எனக்குப் புடிச்சுப் போச்சுங்க.

பொய் சொல்லல, அந்த மூணு மாசம் நான் அவ்வளவு சந்தோஷமா வேலை பார்த்தேன். அவங்க சாம்பிள் அனுப்புவாங்க, எங்க லேப்ல பார்த்து ஃபெயில்னு எழுதுவாங்க, நான் போன் பண்ணுவேன். "எதுல சார் போச்சு?"ன்னு கேப்பாங்க. இரும்பு ஜாஸ்திம்பேன். காஸ்டிக் சோடா போட்டுச் சுட்டு, ஆசிட்ல கழுவி, மறுபடி அனுப்புவாங்க. துகள் சப்பையா இருக்குதும்பேன். ஊருல இருக்கற லேத்துக்காரரைப் புடிச்சு அரைக்கிற மிஷினோட தகட்டையே மாத்தி, பொடியை உருட்டற மாதிரி பண்ணிட்டாங்க. பத்து சாம்பிள் ஃபெயில். பதினோராவது கார்த்திகையில வந்துச்சு. லேப்ல எங்க பையன் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினான், மிஷின் தப்பாக் காட்டுதோன்னு. பாஸ். செல்லுல போட்டு ஓட்டிப் பார்த்தாங்க, அதுலயும் பாஸ்.

நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். அந்தம்மா அழறாங்க. பின்னால அந்தப் பொம்பளைங்க கை தட்டறது கேக்குது.

"அப்ப நான் ஆரம்பிக்கட்டுமா சார்? ஆர்டர் காகிதம் எப்ப வரும்?"

"வந்துடும் மேடம். எம்.டி. டேபிள்ல இருக்குது. நீங்க ஆரம்பிங்க."

ஆரம்பிங்கன்னுதாங்க சொன்னேன். அனுப்புங்கன்னா சொன்னேன்? இதை நல்லா கவனிக்கணும் நீங்க.

அந்தம்மா கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க. இருக்கறது ஒரு மிஷின். அதுல எங்களுக்குப் பொடி உருட்டினா மூசைக்காரங்களுக்கு அரைக்க முடியாது. அதனால இருபது வருஷமா வாங்கிட்டிருந்த மூசைக்காரங்ககிட்ட எல்லாம், இனிமே தர முடியாது, வேற இடம் பார்த்துக்குங்கன்னு சொல்லிட்டாங்க. என்கிட்ட கேட்டாங்க, இல்லன்னு சொல்லல. "அவங்களை விட்டுடலாமா சார்?"ன்னாங்க. "பெருசாப் போறப்ப சின்னதை விட்டுத்தானே ஆகணும்"னு பொதுவா ஒண்ணு சொன்னேன். பொதுவாச் சொல்றதுதாங்க அது. யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்.

மார்கழி பூரா வேலை நடந்துச்சு. தினம் சாயந்திரம் எனக்கு வாட்சப்புல போட்டோ வரும். இன்னைக்கு நாலு மூட்டை, இன்னைக்கு ஆறு மூட்டைன்னு. மூட்டைக்குப் பக்கத்துல அந்தப் பொம்பளைங்க வரிசையா நிப்பாங்க. பல்லு மட்டும் வெள்ளையாத் தெரியும்.

தை பொறந்துச்சு, லைசென்ஸ் வந்துடுச்சு. எப்படி நின்னுச்சுன்னும் தெரியல, எப்படி வந்துச்சுன்னும் தெரியல. ஒரு நாள் காலையில மெயில், 'உங்கள் சரக்கு கப்பலில் ஏறிவிட்டது'ன்னு. விலையும் முன்னைக்கு இப்ப குறைவு. எம்.டி. என்னைக் கூப்பிட்டார். "மாதேசன், அந்த லோக்கல் விஷயத்தை நிறுத்திடுங்க"ன்னார். அவ்வளவுதான். அந்த வாரமே கேன்டீன்ல வெள்ளை அடிச்சாங்க, பேனரைக் கழட்டினவங்க திரும்பக் கட்டல.

நான் சொல்லியிருக்கணும். சொல்லணும்னுதான் இருந்தேன். பொங்கலும் அதுவுமா எதுக்குச் சொல்றதுன்னு விட்டேன். அடுத்த வாரம் அவங்க மகளுக்குப் பரீட்சைன்னாங்க, சரி, அது முடியட்டும்னு விட்டேன். ஒருத்தர் மனசைக் கஷ்டப்படுத்தறது எனக்கு ஆகாதுங்க, சின்ன வயசுல இருந்தே அப்படி. போட்டோ வந்துட்டே இருந்துச்சு. பார்த்துட்டுப் பேசாம இருந்தா மரியாதை இல்லையேன்னு கட்டைவிரல் படத்தைப் போட்டுட்டிருந்தேன். பார்த்தேன்னு அர்த்தம், வேற ஒண்ணும் இல்ல. அவங்க அதைச் சரின்னு எடுத்துக்கிட்டா நான் என்னங்க பண்ண முடியும்? அப்படி எட்டு வாரம்.

மாசிக் கடைசியில ஒரு நாள் காலையில பத்து மணி. செக்யூரிட்டி போன் பண்றான். "சார், சிவகங்கையில இருந்து ஒரு லாரியும் வேனும் வந்திருக்கு. உங்களைத்தான் கேக்கறாங்க."

நான் மாடி ஜன்னல்ல இருந்து எட்டிப் பார்த்தேன். லாரி நிறைய மூட்டை. வேன்ல இருந்து அந்தம்மா இறங்கறாங்க. பின்னாலயே அந்த ஏழு பொம்பளைங்களும். எதுக்கு அவங்க? பிறகுதான் தெரிஞ்சுது. நம்ம பொடி எந்தக் கம்பெனிக்குப் போகுது, எப்படி வண்டி ஆகுதுன்னு ஒரு தடவை காட்டறேன்னு அந்தம்மா வாக்குக் குடுத்திருந்தாங்களாம். கோயிலுக்குப் போற மாதிரி வந்திருக்காங்க. பட்டுப்புடவை, தலை நிறையப் பூவு. ஒருத்தி கையில தூக்குவாளி, எனக்குன்னு ஏதோ பலகாரம் போல.

"சார் ஊர்ல இல்லன்னு சொல்லு"ன்னேன் செக்யூரிட்டிகிட்ட.

வேற என்ன சொல்றது? கீழ போய் நின்னு, ஏழு பொம்பளைங்க முன்னாடி, ஆர்டர் இல்ல, திரும்பிப் போங்கன்னா சொல்ல முடியும்? எதிர்பார்த்து வந்தவங்க. நேர்ல பார்த்துச் சொன்னா இன்னும் வலிக்குமில்லையா? அவங்களுக்காகத்தான் அப்படிச் சொன்னேன்.

போயிடுவாங்கன்னு பார்த்தேன். போகல. கேட்டுக்கு எதிர்ல ஒரு புங்கமரம், அதுக்குக் கீழ உக்காந்துட்டாங்க. என் போன் அடிச்சுட்டே இருக்குது. சத்தத்தை அமத்தி டிராயர்ல போட்டேன். டிராயருக்குள்ள கிடந்து உறுமுது. பதினொண்ணு ஆச்சு, பன்னெண்டு ஆச்சு. வெயில்னா அப்படி ஒரு வெயில். எனக்கு மனசு கேக்கலைங்க. கேன்டீன் ஆளைக் கூப்பிட்டு, வெளியில இருக்கறவங்களுக்கு டீ குடுத்துட்டு வா, யாரு குடுத்தான்னு சொல்லாதேன்னேன். டிரைவர் ரெண்டு பேரையும் சேர்த்துப் பத்து டீ. அதை நான் செஞ்சேன். இன்னைக்கு வரைக்கும் யாரும் அதைப் பத்திப் பேசறதில்ல.

நாலு மணிக்குத்தான் எந்திரிச்சாங்க. லாரி திரும்பிச்சு. வேன்ல ஏறும்போது அந்தம்மா ஒரு தடவை மாடியைப் பார்த்தாங்க. நான் பின்னால நகந்துக்கிட்டேன்.

அதுக்கப்புறம் போன் இல்ல, போட்டோ இல்ல. நானும் பண்ணல. புண்ணைக் கிளறக் கூடாதுன்னு.

சரி, அதோட முடிஞ்சுதுன்னுதான் இருந்தேன். இந்த ஆடியில சீனாக்காரன் மறுபடி ஆரம்பிச்சுட்டான். இவனுக்கும் எதோ ஒரு நாட்டுக்கும் நடுவுல சண்டையாம், அவன் வரி போட்டானாம், பதிலுக்கு இவன் பொடியை நிறுத்திட்டானாம். நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்ல. ஆனா எங்க குடோன்ல இப்ப இருக்கற பொடி ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான். திங்கட்கிழமை மூணு லைனும் நிக்கும். நானூறு பேருங்க. போன வருஷம் பையைக் கட்டிட்டுப் போன புள்ளைங்க இப்பத்தான் திரும்பி வந்து, அட்வான்ஸ் குடுத்து ரூம் எடுத்திருக்காங்க.

எம்.டி. கேட்டார், "அந்த சிவகங்கை அம்மா என்ன ஆனாங்க? பாஸான சாம்பிளாச்சே. போய்ப் பாருங்க"ன்னு. நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லையே.

காலையில போய் இறங்கினேன். மில்லு ஓடல. ஏழு பேர்ல நாலு பேர் நூல் மில்லுக்குப் போயிட்டாங்களாம், மூணு பேர்தான் இருக்காங்க. மூசைக்காரங்க திரும்பி வரல, வேற ஆளு புடிச்சுட்டாங்க. ஆனா எங்க மூட்டை மட்டும் அப்படியே இருக்குதுங்க. தரையில படாம பலகை அடிச்சு, மேல தார்ப்பாய் மூடி, ஒரு சொட்டு ஈரம் ஏறாம. ஒரு மூட்டையைப் பிரிச்சுக் கையை விட்டேன். அப்பத்தான் சட்டையில ஆச்சு. திருநீறு மாதிரி விரலிடுக்குல வழுக்கிட்டு ஓடுது. ஒரு லைனை ரெண்டு மாசம் ஓட்டலாம்.

அந்தம்மா கோபப்படுவாங்கன்னு நெனச்சுட்டுப் போனேன். இல்ல. "வாங்க சார்"னாங்க. நாற்காலி போட்டாங்க, மோர் குடுத்தாங்க. நான் விஷயத்தைச் சொன்னேன். ஆர்டர் காகிதம் கையெழுத்தோட பையிலயே கொண்டு போயிருந்தேன். விலையும் முன்ன பேசினதைவிடக் கூட்டித்தான் போட்டிருந்தோம். அந்தம்மா அதை வாங்கவே இல்ல.

"சரக்கு தர்றேன் சார். விலையெல்லாம் நீங்க போட்டதே இருக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்."

"சொல்லுங்க மேடம்."

அந்த மூணு பொம்பளைங்களையும் கூப்பிட்டாங்க. அவங்க வந்து நின்னாங்க, நான் பிரிச்ச மூட்டையைக் கட்டிட்டிருந்த கையைக் கூடத் துடைக்காம.

"அன்னைக்கு நீங்க உள்ளதான் இருந்தீங்க. அதை இவுக முன்னாடி ஒரு தடவை சொல்லிருங்க."

"யாரு சொன்னா உங்களுக்கு?"ன்னேன்.

"டீ வந்துச்சுல்ல சார். குடுத்த தம்பிகிட்ட யாரு குடுத்துவிட்டான்னு கேட்டேன். சொல்லக் கூடாதுன்னுட்டு மாடியைப் பாத்துட்டாரு."

பார்த்தீங்களா? செஞ்ச நல்லதே எனக்கு எதிராத் திரும்பிடுச்சு.

"மேடம், அன்னைக்கு ஒரு சூழ்நிலை..."

"சூழ்நிலை வேணாம் சார். இவுகளை நான் பட்டுச்சேலை கட்டிக்கிட்டு வரச் சொன்னேன். பெரிய கம்பெனி, நம்மளை உள்ள கூட்டிட்டுப் போயிக் காட்டுவாகன்னு சொன்னேன். திரும்பி வரும்போது வேன்ல யாரும் எங்கிட்டப் பேசல. நான்தான் பொய் சொல்லி ஏமாத்திட்டேன்னு நாலு பேரு வேலையை விட்டுப் போயிட்டாக. உள்ளதான் இருந்தேன், அவ்வளவுதான் நீங்க சொல்ல வேண்டியது. சொல்லிட்டு லாரியைக் கொண்டாரச் சொல்லுங்க. இன்னைக்கே ஏத்திவிடுறேன்."

இதைவிட ஒரு லட்சம் ஜாஸ்தி கேட்டிருக்கலாம். அட்வான்ஸ் கேட்டிருக்கலாம். எல்லாத்துக்கும் என் பையில வழி இருந்துச்சுங்க. இதுக்கு இல்ல.

ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்திருக்கலாமேன்னு உங்களுக்குத் தோணும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அந்த மூணு பேரும் என் வாயையே பார்க்கறாங்க. இருபத்தாறு வருஷ சர்வீஸ். என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கேன். கருப்புக் கையோட நிக்கற மூணு பேர் முன்னாடி, நான் ஒளிஞ்சுட்டிருந்தேன்னு... அது எப்படிங்க வரும்?

"மேடம், இதை ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேன்"னேன். என்ன பேசறேன்னு தெரியாமயே வந்துடுச்சு.

அந்த மூணு பேர்ல வயசுல சின்னவ ஒருத்தி சிரிச்சுட்டா. "நீங்க உள்ள இருந்தீகளா இல்லையான்னு ஆபீஸ்லயா சார் கேக்கணும்?"னா.

அந்தம்மா சிரிக்கல. "போயிட்டு வாங்க சார். கேட்டே சொல்லுங்க"ன்னு ஆர்டர் காகிதத்தை மடிச்சு என் பையிலயே வெச்சுட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே வந்தேன். வெயில் தெரியல. இந்த அம்மாவோட பிடிவாதத்தால நானூறு பேர் வீட்டுல உக்காரப் போறாங்க, பாருங்க. நான் சொல்லியிருந்தா மட்டும் அவங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்? நீங்களே சொல்லுங்க.

ஒரு நிமிஷம் இருங்க. எம்.டி. கூப்பிடறார்.

சார், வணக்கம் சார்... ஆமா சார், மதுரை பஸ்ல இருக்கேன்... பார்த்தேன் சார், நேர்லயே போய்ப் பார்த்துட்டேன். சரக்கு இருக்குது சார், ஆனா நமக்குச் சரிப்பட்டு வராது... தரம் சார்... இல்ல சார், பதினோராவது சாம்பிள் பாஸ்தான், நான் இல்லைங்கல. அது சாம்பிள். மூட்டையில அந்தத் தரம் இல்ல. ஈரம் ஏறிப் போச்சு சார், கட்டி கட்டியா இருக்குது. நானே கையை விட்டுப் பார்த்தேன்... வேண்டாம் சார், லேப்ல இருந்து ஆளெல்லாம் அனுப்ப வேண்டாம், வீண் அலைச்சல்... ஆமா சார், சின்ன மில்லு, அவங்களால அந்த அளவுக்கு முடியாது... சப்ளையர் லிஸ்ட்டுல இருந்து அவங்க பேரையா? சரிங்க சார். நாளைக்கே எடுத்துடறேன். சரிங்க சார். வெச்சுடறேன்.

என்னங்க, அப்படிப் பார்க்கறீங்க?

இல்ல, நீங்க ஒண்ணும் சொல்லல. பார்க்கறதைச் சொன்னேன். என் இடத்துல இருந்திருந்தா நீங்களும் இதைத்தான் சொல்லியிருப்பீங்க. அந்தப் பொடி நல்ல பொடிங்க. நான் எங்க இல்லைன்னேன்? அந்த மாதிரி சுத்தத்தை இந்தியாவுலயே நான் வேற எங்கயும் பார்த்ததில்ல. ஆனா எம்.டி.கிட்ட அதைச் சொன்னா, அப்புறம் ஏன் வாங்கிட்டு வரலன்னு கேப்பாரே.

திங்கட்கிழமை நிக்கும். நிக்கட்டும். ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சிப் போனா ஒரு மாசம். காலையில கூட ஒரு மெயில் போட்டிருக்கேன், ரொம்பப் பணிவா. ஃபாரத்துல எந்தக் கையெழுத்து விட்டுப் போச்சுன்னு சொல்லுங்க, உடனே போட்டு அனுப்பறேன்னு. கப்பல் எப்படியும் வந்துடுங்க. போன தடவையும் வந்துச்சே.